சங்கிலி அறுத்த வீடு

மேட்டுப் பக்கத்து வீடு
12 நவம்பர் 1958, புதன்

என் தங்கை நெரீனாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் நீ எப்படி இருந்தாய் என்பது சுவர் வழியாக எனக்கே கேட்டது. முதலில் தட்டு உடைந்தது, பிறகு நாற்காலி, பிறகு உன் குரல். நான் சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தேன். கை நின்றால் அடிப்பிடிக்கும் என்று கிண்டிக்கொண்டே அழுதேன். பிரீமோ தலையைக்கூடத் தூக்கவில்லை. "அது அந்த வீட்டுச் சத்தம். நம்ம காதுல விழக் கூடாது. களியைப் போடு" என்றார்.

அந்த வீடாம், இந்த வீடாம்! ஒரே வீட்டுக்குத்தானே வாழ்க்கைப்பட்டு வந்தோம்? அண்ணனுக்கு அக்கா, தம்பிக்குத் தங்கை என்று ஊரே கண் வைத்தது. மாமனார் கண்ணை மூடினார், நில அளவைக்காரன் வந்து சமையலறை நடுவே சுண்ணாம்புக் கோடு போட்டான். கோடு சாப்பாட்டு மேசை மேல் ஏறி இறங்கி, பெரிய கணப்பின் நடுவே புகுந்து போனது. மேசையை ரம்பம் போட்டு அறுத்தார்கள். கணப்பைச் செங்கல் வைத்துப் பாதியாக்கினார்கள். ஒருவன் கட்டும் சுவரை மற்றவன் நம்பவில்லை. அதனால் இவர் பங்குக்கு ஒரு சுவர், உன் புருஷன் பங்குக்கு ஒரு சுவர். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் சந்தில் எலிகள் மட்டும் சந்தோஷமாகக் குடித்தனம் நடத்துகின்றன.

அன்றைக்கே பிரீமோ மண்வெட்டிக் காம்பால் தம்பியின் காதில் போட்டார். அந்தக் காது போனது போனதுதான். பதிலுக்கு எல்வியோ எங்கள் நாயைக் கொன்று வாசலில் கிடத்தினான். இவர் துப்பாக்கியின் இரண்டு குழலையும் உங்கள் கதவில் காலி செய்தார், கதவுக்குப் பின்னால் தம்பி நிற்கிறான் என்று தெரிந்தே. ஈயக் குண்டுகள் இன்னும் அவன் தொடையில்தானே இருக்கின்றன? அதிலிருந்து நீயும் நானும் பேசக் கூடாது என்று உத்தரவு. நாலு வருஷம் ஆகிறது.

வாயால்தானே பேசக் கூடாது? எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முற்றத்து ரொட்டி அடுப்பைப் பாதியாக அறுக்க முடியாமல் கிழமை பிரித்தார்கள், எனக்குப் புதன், உனக்குச் சனி. ஆண்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. சாம்பல் குழியின் உள்ளே ஒரு கல் ஆடும். நீ சாம்பல் அள்ளும்போது கண்ணில் படும்படி முனையை வெளியே விட்டு, அதற்குப் பின்னால் இதை வைக்கிறேன். படித்ததும் நெருப்பில் போட்டுவிடு.

உன்னை நினைத்து வேகும்
ஆர்ஜியா


பள்ளத்துப் பக்கத்து வீடு
29 நவம்பர், சனி

அன்புள்ள அக்காவுக்கு, நெரீனா எழுதிக்கொள்வது.

நான் சுகம். நீயும் அத்தானும் சுவிட்சர்லாந்தில் இருக்கும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தைப் பார்த்த அன்று அதையே திரும்பத் திரும்பப் படித்ததில் ரொட்டி ஒரு பக்கம் கருகிவிட்டது. "என்னடி இது, செருப்பா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அந்தச் செருப்பை முழுசாகத் தின்று தீர்த்தார்.

திங்கட்கிழமை ஒன்றும் இல்லை அக்கா. படியில் வழுக்கி விழுந்தேன், அவ்வளவுதான். இப்போது குளிர்தான் பெரும் பாடு. பாதிக் கணப்பில் எவ்வளவு விறகு போட்டாலும் சூடு உங்கள் பக்கம் போகிறது, புகை இந்தப் பக்கம் வருகிறது. அத்தானிடம் ஈர வைக்கோலை எரிக்க வேண்டாம் என்று சொல்லேன். உன்னால் முடியாது என்று தெரியும், சும்மா எழுதுகிறேன்.

இவருக்கு இப்போது சங்கிலியோடு சண்டை. பூகம்ப வருஷத்தில் மாமனாரைப் பெற்ற தாத்தா, வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மாட்டினாரே, சங்கிலி என்று பேர்தான், சுவர் விலகாமல் பிடிக்க மணிக்கட்டுத் தடிமனில் ஒரு இரும்புக் கம்பி, அதைத்தான் சொல்கிறேன். கீழே தானியத்துக்கு இடம் வேண்டும் என்று இவர் படுக்கையறைத் தரையை உயர்த்தினார். இப்போது அந்தக் கம்பி சரியாக அவர் நெற்றி உயரத்தில் போகிறது. குடித்துவிட்டு வந்தால் முட்டிக்கொள்கிறார். முட்டிக்கொண்டால் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்.

முட்டைக்கோஸ் நன்றாக வந்திருக்கிறது. உங்களுக்கு?

அன்புடன்
நெரீனா


3 டிசம்பர், புதன்

நெரீனா,

படியில் விழுந்தாயா? எந்தப் படியில்? வீட்டுக் கல்படி எங்கள் பங்கில் வந்துவிட்டது. உனக்கு இருப்பது ஒரு மர ஏணி. பொய் சொல்வதானால் வீட்டைப் பார்த்துச் சொல்லடி!

எனக்கு முதுகு வலி. அதைவிடப் பெரிய வலி இந்த இரண்டு மாடுகள். போன வாரம் உன் புருஷன் கூரை மேல் ஏறி எங்கள் பக்கத்துப் புகைபோக்கியில் சாக்கைத் திணித்தான். நானும் இவரும் இருமி இருமிச் சாகப் பார்த்தோம். இவர் மறுநாள் அரிவாளோடு போய் உங்கள் திராட்சைக் கொடிகளை அடியோடு வெட்டிவிட்டு வந்தார். மாமனார் கையால் நட்ட கொடிகள். முற்றத்தில் நடந்தது உனக்கும் கேட்டிருக்கும்.

"டேய் செவிட்டுப் பயலே! உன் கொடி தானா செத்துச்சுடா, தினம் உன் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து!"

"சிரிங்க அண்ணே, நல்லா சிரிங்க. உங்க கூரை உங்க தலையில இறங்குற அன்னைக்கு நான் இங்க உக்காந்து ஒயின் குடிப்பேன்."

பிறகு கட்டிப் புரண்டார்கள். இவர் அவன் முகத்தைக் கல்லில் தேய்த்தார், அவன் இவர் தோளைக் கடித்துச் சதையை எடுத்தான். காயத்தைக் கழுவியது நான். அங்கே கழுவியது நீ. இந்தக் கழுவுகிற வேலைக்குத்தான் நம் அப்பா நம்மைப் பெற்றார் போலிருக்கிறது.

நேற்றிலிருந்து உன் பக்கம் ரம்பம் ஓடுகிறது. மரமில்லை, இரும்பு. பல் கூசுகிறது. என்னத்தை அறுக்கிறான்?

உடம்பைப் பார்த்துக்கொள். ஏணியிலும் பார்த்து ஏறு.

ஆர்ஜியா


20 டிசம்பர், சனி

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. உன் முதுகுக்குச் சூடான தவிட்டு மூட்டை ஒத்தடம் கொடு.

சங்கிலியைத்தான் அறுத்தார். நான் ஏணியடியில் நின்று, "வேணாங்க, வீட்டைக் கட்டிப் பிடிச்சிருக்கிற கம்பிங்க அது" என்றேன்.

"யாரோட வீட்டை? என் சுவர் என் கால்ல நிக்குது. இது அண்ணன் சுவரையில்ல பிடிச்சிருக்கு! அவன் பக்கத்து வெடிப்பை நீ பார்த்ததில்லையா? என் தலைக்கு மேல அவனுக்கு என்னடி இரும்பு? பங்குப் பத்திரத்துல என்ன எழுதியிருக்கு? கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறதெல்லாம் எனக்கு. என் பாதியை நான் அறுப்பேன், ஆணியடிப்பேன், பன்றித் தொடை தொங்கவிடுவேன். அவன் சுவர் விழட்டும், எனக்கென்ன?"

கடைசி இழை அறுந்தபோது வெடித்த சத்தம் உனக்கும் கேட்டிருக்கும். இரண்டு முனையும் தாமாகவே விலகிக்கொண்டன, கட்டை விரல் அகலத்துக்கு. யாரும் தொடவில்லை. கூரையிலிருந்து மண் கொட்டியது. முகமெல்லாம் மண்ணோடு அவர் சிரித்தார். இப்போது அந்த முனையில் போன வருஷத்துப் பன்றித் தொடைதான் தொங்குகிறது.

அத்தானிடம் சொல்லிவிடாதே.

கிறிஸ்து பிறப்பு உங்கள் வீட்டில் நல்லபடி நடக்கட்டும்.

நெரீனா


24 டிசம்பர், புதன்

நெரீனா,

இன்றைக்கு நலமும் வேண்டாம், வாழ்த்தும் வேண்டாம். கவனமாகப் படி.

நாம் கொத்தனார் பெற்ற பிள்ளைகள். பொம்மை வைத்து விளையாட வேண்டிய வயதில் சாந்துச் சட்டி சுமந்தோம். உன் புருஷனுக்குத் தெரியாதது உனக்கும் எனக்கும் தெரியும். எங்கள் பக்கம் மலைப் பாறையில் முதுகைச் சாய்த்து நிற்கிறது. எங்கள் வெடிப்பு கிழட்டு வெடிப்பு, அது அசையாது. உங்கள் கோடிச் சுவர்தான் பள்ளத்தைப் பார்த்து நிற்கிறது. அது சரிந்து போகாமல் பாறையோடு இழுத்துக் கட்டத்தான் தாத்தா அந்தக் கம்பியை மாட்டினார். அண்ணன் கழுத்தை அறுப்பதாக நினைத்துக்கொண்டு உன் புருஷன் தன் கழுத்தை அறுத்துவிட்டான். உன் கழுத்தும் அங்கேதான் இருக்கிறது.

அப்பா செய்வது போலச் செய். கோடிச் சுவரில் எங்கே வெடித்திருக்கிறது என்று பார். கண்ணாடித் துண்டு ஒன்றை அதன் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் சாந்து பூசி ஒட்டு. கண்ணாடி முழுசாக இருந்தால் சுவர் தூங்குகிறது. உடைந்தால் சுவர் நடக்கிறது.

இவரிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. "உன் சுவரைச் சாய்க்க உன் தம்பி இரும்பை அறுத்தான்" என்பது மட்டும்தான் இவர் காதில் ஏறும். மறுபடி துப்பாக்கி. இந்தத் தடவை நடுவில் கதவு இருக்காது. அவன் பிணம், இவர் ஜெயில், நாம் இரண்டு பேரும் கறுப்பு உடுப்பு. அதனால் நீயே எல்வியோவிடம் சொல். அவன் சுவர்தான் விழும் என்று சொல். குடிக்காத நேரம் பார்த்துச் சொல்.

சொன்னாயா என்று எழுது.

ஆர்ஜியா


17 ஜனவரி 1959, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் இரண்டு விரலைக் குச்சி வைத்துக் கட்டியிருக்கிறேன்.

சொன்னேன் அக்கா. நல்ல மனநிலையில் இருக்கும்போதுதான் சொன்னேன், நீ எழுதிய மாதிரியே.

"யாரு சொல்லிக் குடுத்தது இதை?"

"எங்கப்பா கொத்தனாருங்க. எனக்கே தெரியும்."

"ஓகோ, மேஸ்திரியா நீங்க! வாங்க மேஸ்திரி, கையைக் காட்டுங்க. கொத்தனார் கைதானான்னு பார்ப்போம்."

கையைப் பிடித்துக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார். மறுபடி திறந்து, மறுபடி சாத்தினார்.

கண்ணாடியும் வைத்தேன். வெடிப்பு அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது, அவர் கண்ணில் படாது. பன்றி அடித்த வாரம் ஒரு மழை பெய்ததே, அதற்கு மறுநாள் பார்த்தேன். இரண்டு துண்டாக இருந்தது.

பன்றி ரத்தத்தில் செய்யும் இனிப்பு இந்த வருஷம் நன்றாக வந்தது. கல்லுக்குப் பின்னால் உனக்கு ஒரு துண்டு வைத்திருக்கிறேன். எறும்பு வருமுன் எடுத்துக்கொள்.

நெரீனா


21 ஜனவரி, புதன்

என் கண்ணே நெரீனா,

அந்தக் கதவுச் சத்தம் எனக்குக் கேட்டது. காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் தரமும் அப்படித்தான் நினைத்தேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் விறகுக் கோடரியை எடுத்துக்கொண்டு கல்படி இறங்கினேன். அவன் முற்றத்தில் குனிந்து வாளியைக் கழுவிக்கொண்டிருந்தான், பிடரி தெரிந்தது. ஒரு போடு போட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. விறகு பிளக்க வந்தவள் போல இரண்டு கட்டையைப் பிளந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நகரத்துச் சித்தி வீட்டுக்குப் போய்விடு. போக மாட்டாய், தெரியும், "பின்னாலேயே வந்து இழுத்துக்கொண்டு போவார்" என்பாய். அப்படியானால் மாடியில் மட்டும் படுக்காதே. கீழே தொழுவத்துக்குப் போ. தொழுவம் கல் வளைவு, வீடே விழுந்தாலும் அது தாங்கும். அவனிடம் மறுபடி நீ சொல்ல வேண்டாம். ஈஸ்டருக்கு முன்னால் வீடு மந்திரிக்கப் பாதிரியார் வருவார் இல்லையா, அவரிடம் வெடிப்பைக் காட்டு. அவர் சொன்னால் அவன் கேட்பான், சாமியார் விரலைக் கதவில் வைக்க முடியாது.

இனிப்பைச் சாப்பிட்டேன். ஒரு துணுக்குகூட மீதி வைக்கவில்லை.

ஆர்ஜியா


21 பிப்ரவரி, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மிகவும் சுகம். உனக்கு முதுகு எப்படி?

தொழுவத்துக்குப் படுக்கையை மாற்றிவிட்டேன். பசு கன்று போடும் காலம், பக்கத்தில் ஆள் வேண்டும் என்று சொன்னேன். "சரி, ரெண்டு பசுவும் ஒண்ணாப் படுங்க" என்றார். வைக்கோல் மேல் நன்றாகத் தூங்குகிறேன். பசு மூச்சு விடும் சூடு இருக்கிறது. அதற்கு யாரையும் அடிக்கத் தெரியாது.

இரண்டாவது கண்ணாடியும் உடைந்தது. மூன்றாவது ஒரு வாரம் தாங்கியது. இப்போது வெடிப்பில் சுண்டு விரல் போகிறது, காலையில் பார்த்தால் கோடு மாதிரி வெளிச்சம் தெரிகிறது. அம்மாவின் கண்ணாடியையும் நல்ல தட்டுகளையும் துணிப் பெட்டியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிவிட்டேன். ஏன் என்று கேட்டார். எலி என்றேன்.

அவரை விதை, பட்டாணி எல்லாம் ஊறப்போட்டிருக்கிறேன். மழை நின்றால் விதைக்கலாம்.

நெரீனா


25 பிப்ரவரி, புதன்

நெரீனா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். தட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய், கண்ணாடியைப் பற்றி எழுதியிருக்கிறாய், பட்டாணியைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறாய். எல்வியோ எங்கே படுக்கிறான் என்று எழுதவில்லை.

மாடியில் அவன் இருமுவது எனக்குக் கேட்கிறது. தனியாக இருமுகிறான்.

வெடிப்பில் வெளிச்சம் தெரிகிறது என்று அவனிடம் சொன்னாயா? ஒரே வார்த்தை எழுது போதும்.

ஆர்ஜியா


18 மார்ச், புதன்

நெரீனா,

மூன்று சனிக்கிழமை போய்விட்டது. நீ ரொட்டி சுடுவதை ஜன்னலில் நின்று பார்க்கிறேன், நீ ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. கல்லுக்குப் பின்னால் கையை விட்டால் என் கடிதத்துக்குப் பதில் ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் வெளுத்த துணி ஒன்றைத் தொழுவ வாசலில் காயப்போடு, நான் புரிந்துகொள்கிறேன்.

அடுத்த வாரம் பாதிரியார் வருகிறார். அலமாரியை நகர்த்திக் காட்டு. அவன் மிருகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. இப்போது அவனைக் கண்டு இல்லை, நெரீனா.

ஆர்ஜியா


28 மார்ச், பெரிய சனி

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ கவலைப்படாதே. வீண் கவலை உன் முதுகுக்கு ஆகாது.

பாதிரியார் செவ்வாய்க்கிழமை வந்தார். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். தொழுவத்தில் கன்றுக்குட்டிக்கும் தெளித்தார். படுக்கையறையில் நின்று, "இங்க எல்லாம் நல்லாயிருக்காம்மா?" என்று கேட்டார். "நல்லாயிருக்கு சாமி" என்றேன். அலமாரி மேலும் தெளித்தார். கூடை நிறைய முட்டை கொடுத்து அனுப்பினேன்.

வாரம் பூராவும் மழை, இன்றைக்குத்தான் வெயில். ஈஸ்டர் ரொட்டிக்குப் பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டுப் பிசைந்திருக்கிறேன், நன்றாக உப்பி வருகிறது. அவர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏணி ஏறிப் போனார். நான் அடுப்படிக்கு வந்து, வேகிற நேரத்தில் இதை எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு அடுத்த சனிக்கிழமை எழுதுகிறேன்.

நெரீனா


19 ஏப்ரல், ஞாயிறு

நகரத்தில் சித்தி வீட்டில் இருக்கும் என் தங்கை நெரீனாவுக்கு,

இதைப் பால் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. சித்தியும் நீயும் நலமா? விரல் எப்படி இருக்கிறது? நன்றாகச் சாப்பிடுகிறாயா, தூக்கம் வருகிறதா? எல்லாவற்றுக்கும் பதில் எழுது.

உன் பெரிய சனிக்கிழமைக் கடிதத்தை அடக்கத்துக்குப் பிறகுதான் எடுத்தேன். அன்றைக்கு நான் ஜன்னலில் நின்றது உனக்குத் தெரியாது. நீ ரொட்டி எடுக்கிற நீளப் பலகையோடு அடுப்புக்கு முன்னால் நின்றாய். உங்கள் கோடிச் சுவர், களைத்துப் போன மனிதன் உட்காருவது போலப் பள்ளத்துப் பக்கம் மெல்ல உட்கார்ந்தது. அதன் மேல் நின்ற உத்தரங்கள் உள்ளே இறங்கின. பிறகு கூரைக் கற்கள். அந்தச் சத்தத்துக்கு மேட்டுத் தோட்டத்தில் இருந்தவர்கள்கூடக் கத்தினார்கள். நீ திரும்பவில்லை. அடுப்புக்குள் பலகையை விட்டு ஒரு ரொட்டியை வெளியே எடுத்தாய். அதைத் துணி மேல் வைத்தாய். அதற்குப் பிறகுதான் திரும்பினாய்.

அதைப் பார்த்தது நான் ஒருத்தி மட்டும்தான்.

பிரீமோ ஓடினதை நீயும் பார்த்தாய். மண்வெட்டி எடுக்கவில்லை, கையாலேயே கல்லைப் புரட்டினார். இரண்டு கையிலும் நகம் இல்லை இப்போது. "எல்வியோ! டேய் தம்பி! அண்ணன் வந்துட்டேன்டா!" என்று கத்திக் கத்தித் தோண்டினார். தலை தெரிந்தபோது மூச்சு இருந்தது. மேல் பக்கமாக இருந்தது அந்தக் கேட்காத காது. மூச்சு நிற்கும்வரை இவர் அந்தக் காதில்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

உன்னைச் சித்தி கூட்டிக்கொண்டு போன பிறகு போலீஸ் மார்ஷல் வந்தார். "சுவர் நகர்றது யாருக்காவது முன்னாடியே தெரியுமா? வீட்டுக்குள்ள யாராவது பேசிக்கிட்டீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஊரே முந்திக்கொண்டது. "பேச்சா? நல்லா கேட்டீங்க போங்க! நாலு வருஷமா இந்த ரெண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டது கிடையாது. அக்கா தங்கச்சி கோயில்லகூட மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க." பாதிரியாரும் தலையாட்டினார். மார்ஷல் அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். நம் வாயைக் கட்டினார்களே, அந்தக் கட்டுதான் இன்று நம்மைக் காப்பாற்றியது.

நீ செய்ததற்கு நான் உன்னிடம் கணக்குக் கேட்கப் போவதில்லை. என்னைத் தின்பது வேறு. இவர் தினமும் இடிபாட்டில் போய் உட்காருகிறார். அறுத்த கம்பியைப் பார்த்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கையில் வைத்துத் தடவிக்கொண்டு, "யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாலு ஓக் கட்டையைக் கொண்டுவந்து முட்டுக் குடுத்திருப்பேனேடி. ராவோட ராவா குடுத்திருப்பேனே. எவ்வளவு அடிச்சுக்கிட்டாலும் என் தம்பிடி அவன்" என்கிறார். இவரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். துப்பாக்கிதான் எடுப்பார் என்று நான் எப்படி அவ்வளவு நிச்சயமாக நினைத்தேன்?

நேற்று நடுச்சுவர் இரண்டையும் சம்மட்டியால் இடித்துவிட்டார். "உன் தங்கச்சிக்கு ஒரு கடுதாசி போடு. அவ பங்கு அவளுக்குத்தான். கோடிச் சுவரை நானே எழுப்பித் தரேன். வந்து நம்மகூடச் சாப்பிடச் சொல்லு" என்றார். அந்தக் கடுதாசி இதுதான். அவர் சொன்னதை எழுதிவிட்டேன். வா என்று நான் என் வாயால் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

ஆர்ஜியா


2 மே 1959
சித்தி வீடு

அன்புள்ள அக்காவுக்கு, நெரீனா எழுதிக்கொள்வது.

உன் கடிதம் கிடைத்தது. விரல் கூடிவிட்டது, கொஞ்சம் கோணலாக. இது வலது கையால் எழுதியது.

அத்தான் முட்டுக் கொடுத்திருப்பார் என்று நம்பி உன்னை நீயே தின்றுவிடாதே. டிசம்பரில் நீ சொல்லியிருந்தால் துப்பாக்கியைத்தான் எடுத்திருப்பார். செத்துப் போன தம்பிக்கு அண்ணனாக இருப்பது சுலபம். நீ ஒன்றும் செய்யவில்லை. நீ எனக்குச் சொன்னாய், எனக்கு மட்டும்தான் சொல்ல முடிந்தது. நான்தான் சொல்லவில்லை. விரலுக்குப் பயந்து என்று நீ நினைக்கலாம், முதலில் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது கண்ணாடி உடைந்த பிறகு பயம் போய்விட்டது. பெரிய சனிக்கிழமை அவர் ஏணியில் பாதி ஏறி நின்று, "நல்லா தூங்கணும், யாரும் எழுப்பக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எழுப்பவில்லை.

அத்தானிடம் சொல், நான் வரவில்லை. சுவரைக் கட்டட்டும், கையில் வேலை இருந்தால் நல்லது. அவர் அந்தக் கையால் எனக்கு ரொட்டி பிட்டுக் கொடுப்பார். அதை என்னால் வாங்க முடியாது. அந்தப் பங்கு உன் பிள்ளைகளுக்குப் போகட்டும். பசுவை நீ வைத்துக்கொள், கன்றை விற்காதே.

தூக்கம் வருகிறதா என்று கேட்டிருந்தாய். வருகிறது அக்கா. இங்கே ஏணி ஏறுகிற சத்தம் இல்லை. தலையைச் சாய்த்ததும் தூங்கிவிடுகிறேன், விடிந்துதான் விழிக்கிறேன். பசிக்கிறது, நேற்று சித்தி வைத்த கூழை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அழுகை வரும் என்று ஒவ்வொரு நாளும் காத்திருக்கிறேன். "பாவம், அதிர்ச்சியில உறைஞ்சு போயிட்டா" என்று சித்தி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

நலமா என்று கேட்டாயே. நலமாகத்தான் இருக்கிறேன். எனக்குப் பயமாக இருப்பது அது ஒன்றுதான்.

உன் தங்கை
நெரீனா